கவுன்சிலிங் அறைக்குள் பயத்துக்கு என்ன நடக்கிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் பஸ்ஸில் ஏறினாலே படபடப்பு, மூச்சுமுட்டல், கைவிரல்களில் மரமரப்பு. ஈசிஜி, தைராய்டு எல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர், உடம்பில் ஒன்றுமில்லை, சைக்காலஜிஸ்டைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். "பேசினா எப்படி சார் சரியாகும்? பேசுறதுக்கு வீட்ல நாங்க இல்லையா?" என்கிறார்.

நியாயமான கேள்விதான். மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்ப்பது மட்டுமே சிகிச்சை என்றால் டீக்கடை பெஞ்சே போதுமே.

முதல் நாள் பெரிதாக எதுவும் நடக்காது. நாற்பத்தைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கேள்விகள் வரும்: எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, காபி எத்தனை, சாகலாம் என்ற எண்ணம் வந்ததுண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பதற வேண்டாம், எல்லோரிடமும் கேட்பார்கள். பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாளையும் நீட்டலாம். 21க்கு எத்தனை என்று பார்த்து, சில வாரம் கழித்து மறுபடி போட்டு ஒப்பிடுவார்கள். சொன்னது வெளியே போகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே ரகசியம் காப்பதை உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் போன்றவை விதிவிலக்கு. மகள் மேஜர் என்றால் அப்பா பெரும்பாலும் வெளியேதான் உட்கார வேண்டியிருக்கும்.

அழுகை வந்தால் அழலாம், வராவிட்டாலும் குறைவில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்தப் பெண்ணுக்கு முதல் தடவை மதுரை பஸ்ஸில் படபடப்பு வந்தபோது என்ன செய்திருப்பார்? பாதி வழியில், பசுமலையில் இறங்கியிருப்பார். இறங்கியதும் நெஞ்சு அடங்கியிருக்கும். மூளை அங்கே ஒரு கணக்குப் போடுகிறது: "இறங்கியதால் பிழைத்தோம்." அடுத்த நாள் அதற்கும் முன்னால் வரும் திருநகரிலேயே இறங்கச் சொல்லும். அப்புறம் ஏறவே விடாது. ஒவ்வொரு தப்பித்தலும் பயத்துக்குக் கிடைக்கும் பரிசு. ஆனால் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள மூளைக்கு வாய்ப்பே தரப்படவில்லை. வீட்டார் எவ்வளவு ஆறுதல் சொன்னாலும் இந்த இடத்தைத் தொட முடியாது. பயத்தை எழுப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதிக்குத் தர்க்கம் புரியாது, அனுபவம்தான் புரியும்.

அதனால் சிகிச்சையாளர் அனுபவத்தைத் தயாரித்துக் கொடுக்கிறார். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அறைக்குள்ளேயே ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சட்டென்று குறையும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை லேசாகும், விரல்கள் மரமரக்கும். பஸ்ஸில் 'ஹார்ட் அட்டாக்' என்று நினைத்துப் பதறிய அதே அறிகுறிகள்! அவற்றை வரவழைத்தது தன் மூச்சுதான் என்பது நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரிந்துபோகும்.

அடுத்தது பஸ். ஏறுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுத வேண்டும்: "மயங்கி விழுவேன், 90 சதவீதம் நிச்சயம்." பெரியார் நிலையத்தில் இறங்கியதும் கீழே எழுத வேண்டும்: "விழவில்லை." (பயத்தில் ரத்த அழுத்தம் ஏறுகிறது, மயக்கம் வருவதோ அது இறங்கினால்தான். ரத்தத்தையும் ஊசியையும் பார்த்து மயங்குபவர்கள் மட்டும் தனி ரகம்.) எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியதோ, மூளை அவ்வளவு ஆழமாகக் கற்கிறது. முன்கூட்டியே எழுதச் சொல்வது இதற்காகத்தான். எழுதாவிட்டால் மனசு பிற்பாடு "எனக்கு அப்பவே தெரியும்" என்று சமாளித்துவிடும். இந்த நுணுக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு துண்டுத்தாளும் பஸ் டிக்கெட்டும் போதும், நரம்பணுக்களின் இணைப்பு மாறுகிறது.

இதில் பழைய பயம் அழிவதில்லை. கப்பலூரில் ரிங் ரோடு போட்ட பிறகும் திருப்பரங்குன்றம் வழியாக ஊருக்குள் போகும் பழைய சாலை அப்படியேதான் இருக்கிறது, வண்டிகள் வேறு பக்கம் திரும்பப் பழகிவிட்டன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, 'பஸ் என்றால் ஆபத்தில்லை' என்ற புது நினைவைக் கொண்டு அமிக்டலாவை அடக்கி வைக்கிறது. பழைய நினைவு கீழே உயிரோடுதான் இருக்கும். நாய்க்கு மணியடித்து எச்சில் ஊற வைத்த பாவ்லோவே இதைக் கவனித்தார். சோறு வைக்காமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் எச்சில் நின்றுவிடும். இடைவெளி விட்டு அடித்தால் மறுபடி ஊறும். அதனால் ஆறு மாதம் கழித்து ஒருநாள் படபடப்பு திரும்பினால் சிகிச்சை தோற்றது என்று அர்த்தமில்லை. புது நினைவு இடத்தோடும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், காலைக் கூட்டம், இரவு பஸ், மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பஸ் என்று மாற்றி மாற்றிப் பழகச் சொல்வார்கள்.

கூடவே கையில் இருக்கும் தண்ணீர் பாட்டில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்பாவின் "எங்கம்மா இருக்க?" போன் எல்லாம் படிப்படியாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பிழைக்க வைத்த பெருமை பாட்டிலுக்குப் போய்விடும். நம் பக்கத்துத் தாயத்துக்கும் இதே கதைதான். பயந்த கோளாறு என்று கோடாங்கியிடம் போய்த் திருநீறு போட்டுக்கொண்டால் அன்றைக்கு மனசு அடங்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கற்க வேண்டிய பாடம் அந்தக் கயிற்றோடு நின்றுவிடுகிறது. இன்னும் மோசமானதையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல். அதற்குப் பிறகும் சாமி கும்பிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கும்பிடுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

அரசு மீதும் கோபம் உண்டு. மத்திய சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குப் போவது 1 சதவீதத்தை ஒட்டிய தொகை, அதிலும் பெரும்பங்கு பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு. நம் டவுன் பஸ் நெரிசலில் எந்தப் பயிற்சி எடுபடும் என்று ஆராய யாரிடம் பணம் இருக்கிறது?

எல்லோருக்கும் இந்த வகைச் சிகிச்சை என்றில்லை. மனச்சோர்வு என்றால் வழி வேறு, சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். மாத்திரை எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட் எழுத முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு இருந்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள். செலவுக்கு யோசிப்பவர்கள் மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவுக்குப் போகலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா, 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், இரவு பகல் எப்போதும், தமிழிலேயே பேசலாம். மூன்று நான்கு சந்திப்பு ஆகியும் திட்டம் என்ன, வீட்டுப் பயிற்சி என்ன என்று எதுவும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால், ஆளை மாற்றிவிடுங்கள்.