சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது?

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துக் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் செக்யூரிட்டி ஆட்களைப் பயிற்றுவிப்பது என் தொழில். கடை முதலாளிகள் என்னைக் கூப்பிட்டதும் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை கேமரா போட்டா சரியா இருக்கும் சார்?" கேமரா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நடந்ததைக் காட்டும், நடக்கப் போவதைத் தடுக்காது. 2024 மார்ச் 1 அன்று பெங்களூரு ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வைத்தவன் வந்ததும் போனதும் கேமராவில் நன்றாகவே பதிவாகியிருந்தன. ஆளைத் தேடிப் பிடிக்க அது உதவியது. அன்று மதியம் அங்கே சாப்பிடப் போய்க் காயம்பட்டவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பதிலுக்கு நான் கேட்பது இது: "உங்க வாசல்ல நிக்கிற ஆளுக்கு ஒரு பை மேல சந்தேகம் வந்தா, யார்கிட்ட சொல்லணும்? அந்த ஆள் இப்ப எங்க இருக்கார்?" பெரும்பாலும் பதில் வராது. மேனேஜர் என்பார்கள். மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார்.

பெரிய தாக்குதல்களைப் பற்றிய விசாரணைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். யார் கண்ணிலும் படாமல் நடந்தது என்று முடிகிறவை அதில் குறைவு. யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார், பல நேரம் சொல்லியும் இருக்கிறார். சொன்னது நடுவழியில் எங்கோ நின்று போயிருக்கிறது.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்த குண்டு 30-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் இலங்கைப் பயணிகள். குண்டு இருந்த பெட்டிகளைப் பற்றி முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. வந்தும் பெட்டிகள் நேரத்துக்கு அப்புறப்படுத்தப்படவில்லை, ஆட்களும் முழுதாக வெளியேற்றப்படவில்லை. நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஆஸ்லோவில் குண்டு வைத்தவன் காரில் தப்பிப் போவதை வழியில் போன ஒருவர் பார்த்து, வண்டி எண்ணோடு போலீசுக்குப் போன் செய்தார். அதைக் குறித்துக்கொண்ட சின்னத் தாள் மேசையில் சுமார் 20 நிமிடம் யாரும் பார்க்காமல் கிடந்தது. அவன் அடுத்து உட்டோயா தீவுக்குப் போய் இளைஞர் முகாமில் சுட்டான். அன்று மொத்தம் 77 பேர் இறந்தார்கள். எதையும் ஒழுங்காகச் செய்கிற நாடு என்று நாம் நினைக்கிற ஊரிலேயே இப்படி.

என் தொழிலுக்கு ரொம்ப நெருக்கமானது இங்கிலாந்தின் மான்செஸ்டர். 2017 மே 22, பாட்டுக் கச்சேரி முடிகிற நேரம். பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒரு பெற்றோர், பெரிய முதுகுப்பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அவனிடமே போய்க் கேட்டார். சரியான பதில் இல்லை. அங்கே நின்ற செக்யூரிட்டிப் பையனிடம் சொன்னார். அவனுக்கு 19 வயது. வாசலை விட்டு நகரக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு, கையில் ரேடியோவும் இல்லை. இன்னொரு பையனிடம் சொன்னான், அவனுக்கு 18. அவன் ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையைப் பிடிக்கப் பார்த்தான், லைன் கிடைக்கவில்லை, விட்டுவிட்டான். பெற்றோர் சொல்லிக் கால் மணி நேரம் கழித்துக் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். தவறாகச் சந்தேகப்பட்டால் நிறவெறியன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்ததாக அந்த 18 வயதுப் பையன் பிற்பாடு விசாரணையில் சொன்னான். தவறவிட்ட வாய்ப்புகளில் இதையும் ஒன்றாக விசாரணை எழுதியது. அந்தக் குண்டுவெடிப்பில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் விடாமல் போராடியதால், பொது இடம் நடத்துகிறவர்கள் இதற்கெல்லாம் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று பிரிட்டன் 2025-இல் சட்டமே போட்டது.

அந்த இரண்டு பையன்கள் மாதிரிதான் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் வாசலுக்கு வாசல் நிற்கிறார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005 சட்டமும் அதன் விதிகளும், காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப் பயிற்சி தர வேண்டும் என்கின்றன. நடப்பு என்ன? திங்கட்கிழமை சேர்கிற ஆளுக்குச் செவ்வாய்க்கிழமை யூனிஃபார்ம், புதன்கிழமை பன்னிரண்டு மணி நேர டூட்டி. கடைக்குள் வருகிற கூட்டத்தை வரிசைப்படுத்துவது, வண்டி நிறுத்த இடம் காட்டுவது, முதலாளி வீட்டு அம்மா வந்தால் குடை பிடிப்பது என்று நாள் போய்விடும். அவரிடம் போய் விழிப்பாக இருக்கச் சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கும்.

முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, தீபாவளிக் கூட்ட நேரத்தில் ஒரு ஒத்திகை செய்வோம். பழைய துணி திணித்த ஒரு கட்டைப்பையை வாசல் ஓரமாக வைத்துவிட்டு, எதிர்ச்சாரியில் டீ குடித்தபடி பார்ப்பது. துணி எடுக்க வந்தவர்கள் யாரும் பையைக் கவனிக்க மாட்டார்கள். கவனிப்பது எப்போதும் அங்கேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள்தான். ஒரு தடவை பூக்கார அக்காதான் முதலில் பார்த்தார். "யப்பா, இந்தப் பை ரொம்ப நேரமா இங்கயே கீது, யாருதுன்னு பாரு" என்று செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். அந்தப் பையன் அசாமிலிருந்து வந்தவன். சிரித்துத் தலையாட்டினான். அக்கா கையைக் காட்டி மறுபடியும் சொன்னதும் வந்தான், பையைக் கையில் தூக்கினான், உள்ளே கொண்டுபோய்க் கேஷ் கவுண்டருக்குக் கீழே வைத்துவிட்டான். யாராவது தேடி வந்தால் கொடுக்கலாம் என்று நல்ல மனசோடுதான் செய்தான். கடையிலேயே கூட்டம் நெருக்கமாக நிற்கிற இடம் அதுதான்.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையைத் தொடக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. பூக்கார அக்கா பேசுகிற மொழி அவனுக்குத் தெரியாது. அதற்கப்புறம் எந்தக் கடைக்குப் போனாலும் பயிற்சிக்கு வாசலில் பூ விற்பவர், செருப்பு தைப்பவர், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் எல்லோரையும் சேர்த்துக் கூப்பிடுகிறேன். சில முதலாளிகளுக்கு இது பிடிப்பதில்லை. நடைபாதை வியாபாரிகளை முதலில் அப்புறப்படுத்தச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். வழி அடைபடாமல் ஒழுங்குபடுத்துங்கள், சரி. ஆனால் இருபது வருஷமாக அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணை எந்தக் கம்பெனியிலும் விலைக்கு வாங்க முடியாது.

கேட்பாரற்றுக் கிடக்கிற பை எல்லாம் குண்டு கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மறதி. பிரிட்டிஷ் ரயில்வேயில் இதற்கு மூன்று கேள்வி வைத்திருக்கிறார்கள், நான் அதையே சொல்லித் தருகிறேன். வேண்டுமென்றே மறைத்து வைத்த மாதிரி இருக்கிறதா? ஒயர், பேட்டரி, டேப், கசிவு என்று பார்த்தாலே உறுத்துகிறதா? இந்த இடத்தில் வழக்கமாகக் காணக்கூடிய பொருளா? காசிமேடு மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அதே பெட்டி புடவைக் கடையில் டிரையல் ரூம் பின்னால் இருந்தால் கேள்வி வர வேண்டும்.

யாரைச் சந்தேகப்படுவது என்று வகுப்பில் கேட்பார்கள். கேட்கும்போதே மனதில் ஒரு முகம் வைத்துக்கொண்டு கேட்பது தெரியும். சிலருக்குத் தாடியும் புர்காவும், சிலருக்கு இந்தி பேசுகிற கூலிக்காரப் பையன். மீனம்பாக்கத்தில் குண்டு வைத்தவர்கள் தமிழர்கள். ஆஸ்லோவில் அந்த ஊர் வெள்ளைக்காரன். முகத்தை வைத்துப் பார்க்கிறவன் பாதிப் பேரை விட்டுவிடுவான், மீதிப் பாதியை அவமானப்படுத்துவான். அவமானப்பட்ட தெரு அப்புறம் வாய் திறக்காது. அங்கேதான் பெரிய இழப்பு. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலை நடத்திய கும்பலின் தலைவனைப் பற்றிப் பல வருடம் முன்பிருந்தே புகார் சொல்லி வந்தது அவன் ஊரான காத்தான்குடி முஸ்லிம்கள்தான். தாக்குதலுக்கு முன்னால் இந்தியாவும் எச்சரித்திருந்தது. இரண்டையும் கொழும்பு காதில் போட்டுக்கொள்ளவில்லை. 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

அதே நாள் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்ததை என் ஆட்களுக்குத் தவறாமல் சொல்கிறேன். முதுகுப்பையோடு வந்த ஒருவன், உள்ளே வீடியோ எடுக்கப் போகிறேன் என்றான். சபையைச் சேர்ந்த ரமேஷ் ராஜு என்பவர் அவனை விடவில்லை. முதலில் அனுமதி வாங்கிக்கொண்டு வா என்று வெளியே கூட்டிப் போனார். வெளியே குண்டு வெடித்தது. ரமேஷும், முற்றத்தில் நின்ற குழந்தைகளும் பெரியவர்களுமாகச் சுமார் முப்பது பேரும் இறந்தார்கள். உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். அவர் செக்யூரிட்டி கிடையாது. வந்தவனிடம் ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

அதனால் முகம் பார்க்காமல், வருகிற எல்லோரிடமும் மரியாதையாகக் கேட்கப் பழக்குகிறேன். "வாங்க சார், யாரைப் பார்க்கணும்?" "அம்மா, அந்தப் பை உங்களுதா?" உண்மையான வாடிக்கையாளருக்கு இது உபசரிப்பாகத் தெரியும். வேவு பார்க்க வந்தவனுக்குத் தன்னை ஒருவர் கவனித்துவிட்டார் என்று புரியும். எல்லோரையும் கேட்கிற வாசலில், ஒருவரை மட்டும் ஏன் கேட்டாய் என்ற பேச்சே வராது.

கடல் பக்கம் வருவோம். 2008 நவம்பர் 26 அன்று மும்பைக்கு வந்தவர்கள் நடுக்கடலில் ஒரு மீன்பிடி படகைக் கைப்பற்றி வந்தார்கள். கரையேறியது ஒரு மீனவக் குப்பத்தில். யார் நீங்கள் என்று முதலில் கேட்டதும் அந்தக் குப்பத்து ஆட்கள்தான். நம்மிடம் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994-லிருந்து இருக்கிறது, 1093 என்ற எண்ணும் இருக்கிறது. சாகர் கவச் ஒத்திகையில் போலீஸ்காரர்களே பயங்கரவாதி வேடம் போட்டுப் படகில் வந்து ஊடுருவப் பார்ப்பார்கள். காசிமேட்டு அண்ணன்மார்களிடம் பேசினால் எண் தெரியும் என்கிறார்கள். "போன் பண்ணா நம்மளையே கூப்ட்டு உக்கார வைப்பாங்க சார், ஒரு நாள் தொழில் போச்சு" என்றும் சொல்கிறார்கள். புது ரோந்துப் படகு வாங்குவதற்கு முன்னால், தகவல் சொன்னவனை அலைக்கழிக்க மாட்டோம் என்று அரசு உறுதி கொடுத்து அதைக் காப்பாற்றினால் 1093-க்கு இன்னும் நிறையப் போன் வரும் என்பது என் கணிப்பு.

மணலியையும் சொல்லியாக வேண்டும். 2015-இல் சுங்கத்துறை பிடித்து வைத்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் அங்கே ஒரு கன்டெய்னர் கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் இதே சரக்கு வெடித்துச் சிதறிய பிறகுதான் அக்கம்பக்கத்து மக்களுக்கே விஷயம் தெரிந்தது. சில நாட்களில் ஏலத்தில் எடுத்தவர் ஐதராபாத்துக்குக் கொண்டுபோனார். அது யாருடைய சதியும் இல்லை, வழக்கும் கோப்பும்தான். ஆனாலும் ஆபத்தான சரக்கு எங்கே கிடக்கிறது, யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்று கேட்பதும் இதே வேலையில் சேர்த்திதான்.

அப்புறம் புரளி. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 பள்ளிக்கூடங்களுக்கு ஒரே நேரத்தில் மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருக்கிறது. போலீஸ் ஒவ்வொரு முறையும் மோப்ப நாயோடு போய்ப் பார்க்கத்தான் செய்கிறது. அலுப்பு தட்டுவது நமக்கு. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இப்போதெல்லாம் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். புலி வருது கதை இங்கே நடக்கக்கூடாது என்றால், பள்ளி நிர்வாகம் பிள்ளைகளை வெளியேற்றுவதை மாதாந்திரப் பழக்கமாக்கிவிட வேண்டும். தீ விபத்து, வாயுக் கசிவு எதற்கும் அதுவே உதவும். மாடிப்படியில் துணி மூட்டை அடுக்கி, பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிற கடைகளுக்கும் இது பொருந்தும். கூட்டம் பதறி ஓடும்போது குண்டைவிட அந்தப் பூட்டு அதிகம் பேரைக் கொல்லும்.

சந்தேகமான பொருளைப் பார்த்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கத்தில் நின்று செல்போனில் பேசாதீர்கள், தள்ளிப் போய்ப் பேசுங்கள். கூட்டத்தைக் கண்ணாடி முகப்பு இல்லாத பக்கமாக அனுப்புங்கள். வெடிப்பில் பறக்கிற கண்ணாடிதான் நிறையப் பேரைக் கிழிக்கிறது. போன் செய்ய வேண்டியது 112 அல்லது 100. ரயில், ரயில் நிலையம் என்றால் 139, கடல் என்றால் 1093.

"எம்.சி. ரோட்ல ஒரு பை இருக்கு" என்று மட்டும் சொன்னால் வருகிறவர்கள் தெருவையே சுற்றுவார்கள். கடைப் பெயர், எதிரில் என்ன இருக்கிறது, பை எந்த நிறம், எப்போதிலிருந்து கிடக்கிறது, வைத்த ஆளைப் பார்த்தீர்களா, அவர் எந்தப் பக்கம் போனார் என்று சொல்லுங்கள். எதிர்முனையில் பேசியவர் பெயரைக் கேட்டு, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் யாரும் வரவில்லை என்றால் மறுபடியும் போன் செய்யுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்க வேண்டாம்.