சலூன்ல கழுத்துல சொடக்கு எடுத்துக்கிறவங்களுக்கு

நாப்பது வயசு கூட ஆகல, சுகர் இல்ல, பிபி இல்ல, எப்படி டாக்டர் ஸ்ட்ரோக் வரும்னு கேக்காத குடும்பம் இல்ல. நியாயமான கேள்விதான். இந்த வயசுல நாங்க முதல்ல தேடுற காரணங்கள்ல ஒண்ணு கழுத்து ரத்தக்குழாய்க் கிழிசல், டிசெக்‌ஷன்னு சொல்லுவோம். எல்லா வயசையும் சேத்தா அடைப்பால வர்ற ஸ்ட்ரோக்ல இது சுமார் 2 சதவீதம்தான், ஆனா அம்பது வயசுக்குக் கீழ மட்டும் பாத்தா 10லேருந்து 25 சதவீதம் வரைக்கும் சொல்றாங்க.

மூளைக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய் கழுத்துல நாலு இருக்கு, முன்னாடி கரோட்டிட் ரெண்டு, பின்னாடி கழுத்தெலும்பு ஓட்டை வழியா ஏறுற வெர்டிப்ரல் ரெண்டு. கழுத்த வெடுக்குன்னு திருப்புறதுலயோ வேற எதுலயோ குழாயோட உள்சவ்வு லேசா கிழிஞ்சா ரத்தம் குழாய் சுவருக்குள்ளயே பூந்து, பிளவுஸ் லைனிங் பிரிஞ்சு சுருண்ட மாதிரி உள்பக்கமா பிதுங்கி வழிய குறுக்கிடும், அங்க ரத்தம் உறைஞ்சு ஒரு துணுக்கு மேல போய் மூளையில அடைச்சா அதான் ஸ்ட்ரோக்.

கிழிஞ்ச உடனேயே கை கால் விழுந்துடும்னு இல்ல. பலருக்கு முதல்ல வெறும் வலிதான், ஸ்ட்ரோக் சில மணி நேரம் கழிச்சும் வரலாம், ஒரு வாரம் கழிச்சும் வரலாம். நமக்குக் கிடைக்கிற டைம் அதுதான், ஆனா நம்மாளுங்க அதுல தலகாணி சரியில்லன்னு தைலம் தேய்ச்சு, அதுக்கும் கேக்கலன்னா சுளுக்கு எடுக்கப் போய் மறுபடி அதே கழுத்த திருப்பிக்கிறாங்க, இதக் கேக்கும்போதுதான் எனக்குக் கோவம் வரும்.

இதுவரைக்கும் வராத மாதிரி ஒரு பக்கமா கழுத்து வலி, தலைவலி. அதே பக்கம் கண் இமை இறங்கி கண்ணு சின்னதா தெரியறது, காதுல நாடி துடிக்கிற மாதிரி சத்தம். பின்பக்கக் குழாய்னா தலைசுத்தல், நடந்தா ஒரு பக்கம் சாயறது, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியறது, தண்ணி குடிச்சா புரையேறுறது. இதைத்தான் பித்தம்னு சொல்லி எலுமிச்சை ஜூஸ் குடுத்து படுக்க வெச்சிடுறாங்க. வலியோட இதுல ஒண்ணு சேந்தாலே 108தான்.

கழுத்துல அடி ஏதும் பட்டுதான்னு கேட்டா இல்லம்பாங்க. சலூன் போனீங்களான்னு தனியா கேக்கணும், அப்பதான் ஆமா சார், முடி வெட்டிட்டு ரெண்டு பக்கமும் சொடக்கு எடுத்து விட்டாருன்னு வரும். அதுக்காக பார்பர் மேல மொத்த பழியும் போட முடியாது, ஏற்கனவே கிழிஞ்சு வலியோட போய் உக்காந்தவங்களும் உண்டு, பலமா தும்முனது, பைக்ல பின்னாடி இடிச்சது, காரணமே தெரியாததுன்னு எல்லாம் இருக்கு. பார்லர்ல தலைய பின்னாடி சாய்ச்சு ஹேர்வாஷ் பண்ணி ஸ்ட்ரோக் வந்தத 1993லயே அமெரிக்க டாக்டர் ஒருத்தர் எழுதியிருக்காரு.

சாதா சிடி ஸ்கேன் நார்மலா இருக்கலாம், அத நம்பி வீட்டுக்குப் போயிடாதீங்க, கழுத்துக்கும் சேத்து ரத்தக்குழாய காட்டுற சிடி ஆஞ்சியோவோ எம்ஆர்ஐயோ தேவையான்னு கேளுங்க. ஸ்ட்ரோக்கே வந்துட்டாலும் நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தா ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிக்கு வாய்ப்பிருக்கு, கழுத்துல கிழிசல் இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக அத மறுக்க வேண்டியதில்ல. அதுக்கப்புறம் ஆஸ்பிரின் இல்லன்னா ரத்தம் உறையாம தடுக்கிற மாத்திரை, பொதுவா மூணுலேருந்து ஆறு மாசம், நிறைய பேருக்கு குழாய் தானாவே ஆறிடும். அந்த மாசங்கள்ல சொடக்கு, கழுத்துல மசாஜ் கன், ஜிம்ல வெயிட் எதுவும் வேணாம். சலூன்ல கூச்சப்படாம முன்னாடியே சொல்லிடுங்க, தலைக்கு எண்ணெய் தேச்சா போதும்ணே, கழுத்த திருப்ப வேணாம்னு.