மீனை எடுத்தீர்கள் சரி, அந்த இடத்தில் எதை வைத்தீர்கள்?

இந்த மாதமும் கிளினிக்கில் அதே கதைதான். "மிஸ், நான் இப்ப முழு மரக்கறி. பாலும் இல்ல, தயிரும் இல்ல, முட்டையும் இல்ல. ஆனா தலைமுடி கொட்டுது, படியேறினா மூச்சு வாங்குது." பக்கத்தில் இருக்கிற தாய் உடனே, "கீரையெல்லாம் நல்லாத் தின்கிறாள் தானே மிஸ், பிறகென்ன?" என்று என்னையே கேட்கிறார். நேற்றுக் காலை முதல் படுக்கும் வரை என்ன சாப்பிட்டாய் என்று எழுதித் தரச் சொன்னேன். காலையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். மத்தியானம் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பால்கறி, பயிற்றங்காய் வதக்கல், அப்பளம், "கொஞ்சம் பருப்பு". இரவு புட்டும் வாழைப்பழமும். இடையில் மூன்று தரம் பிளேன்டீ.

ஒரு பிள்ளை என்றால் பரவாயில்லை. இங்கே கிழக்கிலங்கையில், ஆரையம்பதியில் இருந்து வந்தாலும் அக்கரைப்பற்றில் இருந்து வந்தாலும் எழுதித் தருகிற பட்டியல் ஏறக்குறைய இதுவேதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மீன் சாப்பிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வாவியும் கடலும் சுற்றியிருக்கிற ஊரில் மீனை விடுவதே பெரிய காரியம். சிலர் கோயில் நேர்த்திக்காக விடுகிறார்கள், சிலர் விலங்குகள் மேலுள்ள இரக்கத்தால், சிலர் கொலஸ்ட்ரோல் பயத்தால். 2022இல் மீனும் பால்மாவும் விற்ற விலையில் விட்டவர்களும் உண்டு. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். மீன், முட்டை, பால், தயிர், நெய் எதுவும் இல்லாமல், இப்போது பிள்ளைகள் வீகன் என்று சொல்கிறார்களே, அப்படியும் முழு ஆரோக்கியமாக வாழலாம். கந்தசஷ்டிக்கு 6 நாள், கேதார கௌரிக்கு 21 நாள் என்று பிடிக்கிற விரதத்தில் எப்படிச் சாப்பிட்டாலும் உடம்பு சமாளித்துக்கொள்ளும். ஆனால் விரதச் சாப்பாட்டையே வருடம் முழுக்கச் சாப்பிட்டால் சமாளிக்காது. நம் ஆட்கள் கோப்பையில் இருந்து மீனை மட்டும் எடுக்கிறார்கள். காலியான இடத்தில் இன்னொரு அகப்பைச் சோறு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

"பருப்பு தினமும் வைக்கிறோம் தானே?" எனக்கு அதிகம் கோபம் வருவது இந்தக் கேள்விக்குத்தான். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மைசூர்ப் பருப்பு 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஒரு நேரத்துக்கு எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள்? பெரும்பாலும் ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி. 100 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் தண்ணீரும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பெருக்கி ஐந்தாகப் பிரித்தால் ஒருவருக்கு 5 கிராம் புரதம்கூட இல்லை. பிள்ளை அதில் மேலே மிதக்கிற தண்ணியை மட்டும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால் அதுவும் இல்லை. நீங்கள் விட்ட அந்த மீன் துண்டு, 75 கிராம் துண்டு என்றாலே, 15 கிராம் அளவு புரதம் தந்துகொண்டிருந்தது. அதற்கு ஈடுகட்ட ஒருவருக்குக் காய்ந்த பருப்பாக 60 கிராம் வேண்டும். ஐந்து பேருக்கு 300 கிராம். இப்போது உங்கள் வீட்டுப் பருப்புச் சட்டியை நினைத்துப் பாருங்கள்! 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 40 கிராம் புரதம் தேவை. சோற்றிலும் புரதம் உண்டு, 100 கிராம் அரிசியில் 7 கிராம் அளவு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரிசியில், புரதத்தின் ஒரு கூறான லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது தாராளமாக இருக்கிறது. அதனால் சோறும் பருப்பும் நல்ல சோடிதான், இரண்டும் உண்மையிலேயே கோப்பையில் இருந்தால். பருப்பின் நிறம் மட்டும் இருந்தால் போதாது.

அடுத்தது தேங்காய்ப்பால். மாட்டுப்பாலை விட்டுவிட்டோம், அதற்குத்தான் தினமும் பால்கறியும் சொதியும் வைக்கிறோமே என்று ஒரு அம்மா சொன்னார். 100 கிராம் மாட்டுப்பாலில் 120 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கிறது. தண்ணீர் கலக்காத கெட்டித் தேங்காய்ப்பாலில் 20 மில்லிகிராம்கூட இல்லை, புரதமும் 2 கிராம் சொச்சம்தான், மிச்சமெல்லாம் கொழுப்பும் தண்ணீரும். ருசிக்கு விடுங்கள், நானும் விடுகிறேன். கல்சியத்துக்குக் குரக்கனும் எள்ளும் முருங்கை இலையும் இருக்கின்றன. தோல் நீக்காத எள்ளு ஒரு மேசைக்கரண்டியில் 80 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. கிழமையில் இரண்டு மூன்று நாள் காலையில் குரக்கன் புட்டு அவிப்பதற்கு என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, சமையலுக்கு வருவோம். "மரக்கறி மட்டும் என்றால் சோறு இறங்குதில்ல மிஸ்" என்பது நியாயமான முறைப்பாடு. நம்முடைய சம்பலிலும் சுண்டலிலும் ருசியைத் தந்துகொண்டிருந்தது மாசிக் கருவாடும் கூனி இறாலும். அதை எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பழையபடியே சமைத்தால் சப்பென்றுதான் இருக்கும். அந்த ருசியை வேறு வழியில் கட்டவேண்டும். வெங்காயத்தைக் கண்ணாடி மாதிரி வந்தவுடன் விட்டுவிடாமல் நன்றாகச் சிவக்க விடுங்கள். தக்காளியை எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள். தேங்காய்ப்பூவை வறுத்து அரைத்துச் சேருங்கள். காளான் கிடைத்தால் விடாதீர்கள். புளிக்குக் கொறுக்காயோ பழப்புளியோ, மாங்காய்க் காலத்தில் மாங்காயோ போடலாம். தேங்காய்ச் சம்பலில் மாசிக்குப் பதிலாக வறுத்த கச்சானை இடித்துப் போட்டுப் பாருங்கள். ருசியும் வரும், 30 கிராம் கச்சானில் 7 கிராம் அளவு புரதமும் வரும்.

கௌப்பியைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது. மலிவு, இங்கே விளைகிறது, வாயிலும் நிற்கும். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். கெதியாக அவிய வேண்டும் என்று அப்பச்சோடா போடாதீர்கள், அதில் இருக்கிற விற்றமின் பி1 அழிந்துபோகும். குக்கர் இல்லாவிட்டால் கொஞ்சம் விறகு கூடச் செலவாகும், அவ்வளவுதான். பிறகு சட்டியில் கடுகு, பெருஞ்சீரகம், உள்ளி, கறிவேப்பிலை, ரம்பை, சிவக்க வதக்கிய வெங்காயம், தக்காளி, வறுத்த தூள் எல்லாம் போட்டு, பூசணித் துண்டும் அவித்த கௌப்பியும் சேர்த்து, ஒரு கரண்டி கௌப்பியை மசித்து விட்டால் குழம்பு தானாகத் தடிக்கும். கெட்டிப்பால் கடைசியில் கொஞ்சம் போதும். இதைச் சிவப்பரிசிச் சோற்றோடு சாப்பிட்டுவிட்டு யாராவது இறங்கவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள், கதைத்துப் பார்ப்போம்.

பயறு, கடலை, உழுந்து, பலாக்கொட்டை எல்லாவற்றையும் மாறி மாறிப் போடுங்கள். பருப்போடு முருங்கை இலை போட்டால் இரண்டு வேலை ஒரே சட்டியில் முடியும். சோயா மீட் பற்றித் தினமும் கேட்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, காய்ந்த நிறையில் பாதி அளவு புரதம். சுடுதண்ணியில் ஊறவைத்து இரண்டு தரம் நன்றாகப் பிழிந்து, முதலில் எண்ணெயில் கொஞ்சம் பிரட்டி எடுத்துக் கறியில் போட்டால் அந்தப் பஞ்சு வாசம் போய்விடும். பெக்கட்டுக்குள் வருகிற மசாலாப் பையில் உப்பு அதிகம், பிரஷர் உள்ளவர்கள் அதைக் கறியில் கொட்டவேண்டாம். பருப்பு வகைகளை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும். அதற்காகப் பயந்து விடாமல் மெல்லமெல்லக் கூட்டுங்கள், இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடும்.

கீரைக்கு வருகிறேன், அந்தத் தாய் கோபிக்கக் கூடாது. கீரையில் இரும்பு இருக்கிறது, ஆனால் மீன் இறைச்சியில் இருப்பது போல உடம்பு அதை லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே விற்றமின் சி இருந்தால் எடுக்கும். அதனால் கீரைச் சுண்டலை இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் சூட்டில் வீணாகும். கொய்யாப்பழம் ஒன்று சாப்பிட்டாலும் நல்லது. சாப்பிட்டு வாய் கழுவியவுடன் பிளேன்டீ குடிக்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். தேயிலையில் உள்ள டனின் கீரையின் இரும்பை உள்ளே போகவிடாது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. தயவுசெய்து.

விற்றமின் பி12இல் மட்டும் பேரம் பேசவே வராதீர்கள். பொன்னாங்காணியிலும் இல்லை, வல்லாரையிலும் இல்லை. பழஞ்சோற்றையும் புளித்த தோசை மாவையும் நம்பி இருக்கமுடியாது. ஒன்லைனில் விற்கிற ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்கு உதவாத போலி பி12. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம்தான் தேவை, ஆனால் அது வீகன் சாப்பாட்டில் இயற்கையாகக் கிடைக்காது. ஒன்றில் பி12 சேர்த்தது என்று லேபலில் போட்ட உணவு, அல்லது குளிசை. "நான் விட்டு ரெண்டு வருஷம், ஒன்றும் செய்யல்லையே" என்பார்கள். முன்பு சாப்பிட்ட மீனில் இருந்து ஈரல் சேர்த்து வைத்தது சிலருக்கு வருடக்கணக்கில் ஓடும். அது முடிந்த பிறகுதான் கால் விறைப்பு, நாக்கு எரிவு, மறதி எல்லாம் தொடங்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. கீரை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு அதில் உள்ள ஃபோலேற் என்கிற விற்றமினால் இரத்தச் சோகை வெளியே தெரியாமல் இருக்கும், நரம்பு மட்டும் பழுதாகிக்கொண்டிருக்கும். சீனி வியாதிக்கு மெற்ஃபோமின் குடிக்கிறவர்கள் வீகனாக இருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும், அந்த மருந்தும் பி12ஐக் குறைக்கும். என்ன அளவு குளிசை என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள், மருந்துக் கடையில் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்காதீர்கள்.

உப்பு. மீனை விட்டவர்களுக்கு அயடின் பெரும்பாலும் உப்பில் இருந்துதான் வரவேண்டும். இந்த நாட்டில் 1995இல் இருந்து அயடின் சேர்த்த உப்புத்தான் சட்டம். அதை விட்டு ரோஸ் நிறக் கல்லுப்பைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அயடின் குறைந்து கழுத்து வீங்கிவிட்டதென்று தடவிக்கொண்டு வராதீர்கள். அயடின் உப்பையே வாங்கி, மூடியுள்ள போத்தலில் போட்டு, கறி இறக்குகிற நேரத்தில் சேருங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் ஒரு வார்த்தை, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். கிளினிக்கில் மிட்வைஃப் தருகிற இரும்பு, ஃபோலிக் அமிலக் குளிசைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் லாச்சியில் போடாதீர்கள். நீங்கள் வீகன் என்பதை முதல் கிளினிக்கிலேயே சொல்லுங்கள், ஏசுவார்கள் என்று ஒளிக்காதீர்கள். கிளினிக்கில் தருகிற சத்துமாவான திரிபோஷாவில் பால்மா இருக்கிறது, வேண்டாம் என்றால் அதையும் சொன்னால்தான் அதற்கு ஈடாக என்ன சாப்பிடலாம் என்று சேர்ந்து பார்க்கலாம். பால்குடிப் பிள்ளைக்கும் சின்னப் பிள்ளைக்கும் பெரியவர்களின் தீர்மானத்தைத் திணிப்பதற்கு முன்னால் ஒரு தடவை வந்து கதையுங்கள். சின்ன வயிறு, பருப்பு நிறையப் பிடிக்காது. கச்சானும் எள்ளும் நன்றாக இடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கிற முறை எல்லாம் இருக்கிறது.

வரும்போது இரண்டு நாள் சாப்பாட்டை ஒளிக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள், பிளேன்டீ எத்தனை தரம் என்பதையும் சேர்த்து. கடையில் வாங்கிச் சாப்பிட்டதையும் எழுதுங்கள், ஏனென்றால் கடைச் சம்பலில் மாசி போட்டிருக்கிறார்களா என்று நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.