மூன்று மூட்டை யூரியாவில் பயிருக்குப் போவது எவ்வளவு?

காவிரி டெல்டாவில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுவான பரிந்துரை. ஏக்கர் கணக்கில் 60 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. 45 கிலோ மூட்டை ஒன்றில் கிட்டத்தட்ட 21 கிலோ. ஆக, ஏக்கருக்கு மூன்று மூட்டை. இந்த மூன்றில் பயிருக்குள் போய்ச் சேர்வது பல வயல்களில் ஒரு மூட்டை அளவுதான். போட்ட தழைச்சத்தில் 30 முதல் 40 சதவீதத்தைத்தான் அந்தப் போகத்துப் பயிர் எடுத்துக்கொள்கிறது என்று ஆசிய நெல் வயல்களில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்கும். மற்றதெல்லாம் காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும்.

உரம் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் 'குறைத்துப் போடுங்கள்' என்பதோடு நின்றுவிடுகின்றன. விவசாயிக்கு அது உதவாது. குறைத்தால் விளைச்சல் போய்விடுமோ என்று அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. போட்ட உரம் எந்த வழியாக, எந்த நாளில் வெளியேறுகிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பயம் போகும். நல்ல நடைமுறை என்று பரிந்துரைக்கப்படும் ஒவ்வொன்றும் அப்படி ஒரு வழியை அடைப்பதற்காக வந்ததுதான்.

முதல் வழி காற்று. யூரியாவைப் பயிர் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியம் ஆக்குகிறது. இது சில நாட்களுக்குள் முடிந்துவிடும் வேலை. அம்மோனியம் மண்ணின் களித்துகள்களில் ஒட்டிக்கொள்ளும். பயிரின் வேர் அதை விரும்பி எடுக்கும். ஆனால் சுற்றியுள்ள தண்ணீர் காரத்தன்மை அடைந்தால் அதே அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறிப் பறந்துவிடும். நெல் வயலில் தேங்கி நிற்கும் தண்ணீர் பகலில் காரமாவதற்குக் காரணம் அதில் வளரும் பாசி. வெயிலில் அது தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. அந்த வாயு குறையக் குறையக் காரத்தன்மை ஏறுகிறது. காரத்தன்மையை அளக்கும் எண்ணான பிஎச், காலையில் 7 அளவில் இருந்தாலும் நல்ல வெயில் அடிக்கும் மத்தியானத்தில் 9-ஐத் தாண்டிப் போவதுண்டு. இரவில் பாசி கரியமில வாயுவை வெளிவிடுவதால் மறுபடி இறங்கிவிடும்.

இப்போது அந்தத் தண்ணீரில் யூரியாவைத் தூவினால் என்ன ஆகும்? குருணை கரைந்து தண்ணீரிலேயே நிற்கும், அங்கேயே அம்மோனியமாகும், மத்தியான வெயிலில் பறக்கும். வெயிலும் காற்றும் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும். இழப்பின் பெரும்பகுதி உரம் போட்ட முதல் பத்து நாட்களுக்குள் நடந்துவிடுகிறது.

அதனால்தான் தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் மேலுரம், அதாவது நட்டபின் போடும் உரம், தூவச் சொல்கிறார்கள். தூவியபின் பாய்ச்சும் தண்ணீர் யூரியாவைக் கரைத்து மண்ணுக்குள் இறக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் வயலில் இதற்குத் தனி வேலையே இல்லை. தண்ணீர் மறைந்து மண் ஈரமாக இருக்கும் நாளில் தூவி, அடுத்த பாய்ச்சலை விட்டால் போதும். செலவில்லாத வேலை இது. இருந்தும் வடிகால் சரியில்லாத கடைமடை வயல்களில் பலரால் செய்ய முடிவதில்லை. அவர்களிடம் பழக்கத்தை மாற்றச் சொல்வதற்கு முன்னால் வடிகால் வாய்க்காலைத் தூர்வாரித் தருவதுதான் முறை.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது நடக்கும் இடத்தைப் பார்க்கலாம். தண்ணீர் நிற்கும் வயலில் சேற்றை ஒரு கை அள்ளிப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் கனத்தில் பழுப்பு நிறப் படலம் இருக்கும். அதற்குக் கீழே சாம்பலும் கருமையும் கலந்த சேறு. மேல் படலத்தில் பிராணவாயு இருக்கிறது, கீழே இல்லை. மேல் படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடு கீழே இறங்கும். கீழே பிராணவாயு இல்லாமல் தவிக்கும் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொண்டு, மிச்சத்தை நைட்ரஜன் வாயுவாகவும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியே விடுகின்றன. முதலாவது நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதுதான். கெடுதல் இல்லை, போனது பணம் மட்டும். நைட்ரஸ் ஆக்சைடு அப்படியல்ல. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 273 மடங்கு புவியைச் சூடாக்கும்.

வேப்பெண்ணெய் பூசிய யூரியா வந்தது இந்த வழியை அடைக்கத்தான். அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களின் வேகத்தை வேம்பில் உள்ள கசப்புப் பொருட்கள் மட்டுப்படுத்துகின்றன. உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் இந்தப் பூச்சு இருக்க வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து தூவும் முறை உண்டு. பூச்சு இருக்கிறதே என்று தேங்கிய தண்ணீரில் தூவினால் பயனில்லை. நைட்ரேட் ஆவதைத்தான் வேம்பு தாமதிக்கிறது. அம்மோனியா பறப்பதைத் தடுக்க அதனால் ஆகாது.

இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் அடைக்கும் ஒரு முறை வங்கதேசத்தில் பரவியிருக்கிறது. யூரியாவை அழுத்திப் பெரிய குருணைகளாக்குகிறார்கள். 'குட்டி (guti) யூரியா' என்று அங்கே அதற்குப் பெயர். ஒன்று 1.8 கிராம் அல்லது 2.7 கிராம் எடை. நட்ட வயலில் நான்கு குத்துகளுக்கு (நாற்றுக் கொத்துகளுக்கு) நடுவே ஒரு குருணை என்று 7 முதல் 10 செ.மீ. ஆழத்தில் புதைக்கிறார்கள். அந்த ஆழத்தில் பாசியும் இல்லை, பிராணவாயுவும் இல்லை. அம்மோனியம் அங்கேயே தங்கி வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கிறது. போகத்துக்கு ஒரே முறை வைத்தால் போதும், யூரியாவும் கணிசமாக மிச்சம். சங்கடம் கூலிதான். ஏக்கர் முழுக்கக் குனிந்து குனிந்து புதைக்க வேண்டும். நடவுக்கே ஆள் கிடைக்காத நம் ஊரில் கைக்கருவியோ இயந்திரமோ இல்லாமல் இது பரவும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, வெளியேறும் வழிகளை அடைத்தாயிற்று. அப்புறம் மிச்சமிருப்பது, எப்போது போடுவது என்ற கேள்வி. நட்ட நாற்றின் வேர் அறுபட்டிருக்கும். புது வேர் விடும்வரை அதனால் அதிகம் உறிஞ்ச முடியாது. பசி எடுப்பது தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும்தான். அதனால்தான் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நான்காகப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். ஆனால் எல்லா வயலும் ஒன்றல்ல. தக்கைப்பூண்டைப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுத வயலில் மண்ணே நிறையக் கொடுக்கும். மணல் கலந்த வயலில் போட்டது வேகமாகக் கீழே இறங்கிவிடும். நாட்காட்டியைப் பார்த்துப் போட்டால் ஒரு வயலுக்கு மிகை, பக்கத்து வயலுக்குப் பற்றாக்குறை.

இதற்குத்தான் இலை வண்ண அட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவே. ஜப்பானில் இருந்த ஒரு மாதிரியை வைத்து, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் அந்நாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் 1990-களில் இதை உருவாக்கின. இலையின் பச்சைக்கும் அதில் உள்ள தழைச்சத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதுதான் இதன் அடிப்படை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். பத்துக் குத்துகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் முழுதாக விரிந்த இளம் இலையை, பெரும்பாலும் மேலிருந்து மூன்றாவதை, பறிக்காமல் அட்டைமேல் வைத்து ஒப்பிட வேண்டும். வெயில் நேராகப் பட்டால் கண் ஏமாறும். முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்று நம் நிழலில் பார்க்க வேண்டும். காலையில், ஒவ்வொரு முறையும் அதே நேரம், அதே ஆள் பார்ப்பது நல்லது. பத்தில் ஆறு இலை குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் உரம் போடலாம். இல்லையென்றால் அந்த வாரம் வேண்டாம். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4. ஒரு தடவைக்கு, குறுவை போன்ற வறண்ட பருவத்தில் ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 30 கிலோ யூரியா, அதாவது மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு.

வெள்ளைப் பொன்னிக்கு எண் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உயரமான, தண்டு மெலிந்த ரகம் அது. தழைச்சத்து கூடினால் வளர்ந்து சாய்ந்துவிடும். கருகருவென்று நிற்கும் வயலைப் பார்த்து ஊரே மெச்சும். ஆனால் அந்தக் கருமையில் இலைச்சாற்றில் அமினோ அமிலங்கள் சேர்ந்திருக்கும், திசு மென்மையாக இருக்கும். புகையான் பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அது விருந்து. குலைநோயும் அங்கேதான் முதலில் பிடிக்கும். பிறகு மருந்தடிக்கும் செலவு. யூரியா மிகைக்கு விவசாயி இரண்டு முறை விலை கொடுக்கிறார்.

கடையில் யூரியாவுக்குக் கொடுக்கும் விலையோ மிகக் குறைவு. 2010-இல், உரத்தில் உள்ள சத்தின் அளவுக்கேற்ப மானியம் தரும் முறை வந்தபோது யூரியாவை அதற்கு வெளியே வைத்தார்கள். யூரியா மூட்டை 266 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிறது, டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) மூட்டை 1350 ரூபாய். தொட்டால் பச்சை காட்டும் உரம் மலிவாகவும், தண்டுக்கு வலு தரும் பொட்டாஷ் விலை கூடியும் இருந்தால் எவர் கையும் யூரியாவுக்குத்தான் போகும். இதில் விவசாயியை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். கணக்கில் நழுவும் இடம் ஒன்றும் உண்டு: 50 கிலோ டிஏபி மூட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ் சத்து) 23 கிலோ, கூடவே தழைச்சத்து 9 கிலோ. அடியுரமாக டிஏபி போட்டவர் யூரியாவில் 20 கிலோ குறைத்துக்கொள்ள வேண்டும். பலர் குறைப்பதில்லை.

ஒரே ஆணையில் உரத்தை நிறுத்திவிடலாம் என்று நினைத்தது இலங்கை. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவித்தார்கள், நவம்பரில் விலக்கினார்கள். இருந்தும் அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் படுத்துவிட்டது. சீனாவில் வேறு பாதை. 2005 முதல் 2015 வரை 452 மாவட்டங்களில் 2 கோடியே 9 லட்சம் சிறு விவசாயிகளிடம் மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்ற முறைகளைக் கொண்டுபோனார்கள். அதற்காக 13,000-க்கும் மேற்பட்ட வயல்வெளிச் சோதனைகள் நடந்தன. நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் தழைச்சத்து உரம் 15 முதல் 18 சதவீதம் குறைந்தது, விளைச்சல் சுமார் 11 சதவீதம் கூடியது. 2018-இல் வெளியான இந்த முடிவுகளுக்குப் பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள், பல்லாயிரம் வேளாண் அலுவலர்கள், உர நிறுவன ஊழியர்கள் எல்லோரும் இருந்தார்கள். சீன வேளாண் பல்கலைக்கழகம் 2009-இலிருந்து ஹெபெய் மாநிலத்தின் கிராமங்களில் மாணவர்களையே குடியேற்றியது. வயலில் கூடவே நிற்பவர் சொன்னால் விவசாயி கேட்கிறார். நம் விரிவாக்க அலுவலர்களில் ஒருவர் எத்தனை கிராமங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

அதுவரை விவசாயி தானே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. வயலின் ஒரு மூலையில் சிறு பாத்தி ஒன்றைத் தனி வரப்புக் கட்டிப் பிரித்து, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) வழக்கம்போலப் போட்டு, யூரியாவை மட்டும் அறவே நிறுத்திவிடுங்கள். அடியுரத்துக்கு டிஏபிக்குப் பதில் அங்கே தழைச்சத்து இல்லாத சூப்பர் பாஸ்பேட். பக்கத்து வயல் தண்ணீர் அதற்குள் வரக்கூடாது. அறுவடையில் அதைத் தனியாக அடித்து எடை போடுங்கள். அதில் விளைந்தது மண் தானாகக் கொடுத்த தழைச்சத்தில் விளைந்தது. மற்ற இடத்தில் அதே பரப்பில் கூடுதலாகக் கிடைத்த நெல்தான் உங்கள் மூன்று மூட்டையின் பலன். அந்த எண் கையில் இருந்தால் அடுத்த போகத்தில் எவ்வளவு வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியிருக்காது.