குரலை மைக்கிடம் ஒப்படைத்தவர்

1936-ல் பாரிஸ் மேடையில் பிரெஞ்சுப் பாடகர் ழான் சப்லோன் மைக் முன் நின்று பாடினார். பிரான்சில் இப்படிப் பாடிய முதல் ஆள் அவர்தான் என்பார்கள். ‘குரலே இல்லாத பாடகர்’ என்று கேலி எழுந்தது. பத்திரிகைக்காரர்களின் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அதுவரை அரங்கின் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடுவதுதான் பாடகரின் வேலையே.

அது லேசான வேலை அல்ல. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நாலில் ஒரு பங்காகிவிடும். வாயிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும் செறிவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் 10 மீட்டரில் மிஞ்சும். அரங்கச் சுவர்கள் எதிரொலித்துக் கொஞ்சம் ஈடுகட்டும், அவ்வளவுதான். அதனால் ஓபரா பாடகர்கள் ஒரு தந்திரம் பழகினார்கள்: குரலின் ஆற்றலை 3000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 3000 அதிர்வு) பக்கம் குவிப்பது. வாத்தியக்குழு அங்கே பலவீனம், நம் காதோ அங்கேதான் கூர்மை.

இசைத்தட்டிலும் இதே கதைதான். 1925 வரை பதிவில் மின்சாரமே கிடையாது. பாடகர் ஒரு கூம்புக்குள் பாடுவார். அந்தக் காற்றதிர்வே ஊசியை அசைத்து, பதிவு செய்யும் மெழுகுத் தட்டைக் கீற வேண்டும். சாதாரணப் பேச்சின் ஒலித்திறன் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்குதான். மெல்லப் பாடினால் மெழுகில் என்ன பதியும்? ‘ஸ’, ‘ஃப’ மாதிரி உரசல் ஒலிகளும் பெரும்பாலும் தொலைந்துபோயின.

மைக்கும், அதன் மின்சைகையைப் பெரிதாக்கும் வால்வு பெருக்கியும் வந்தபின் குரல் வெறும் சைகை கொடுத்தால் போதும் என்றானது. மெழுகைக் கீறும் பலத்தை மின்சாரம் பார்த்துக்கொண்டது. சுமார் 5000 ஹெர்ட்ஸ் வரை பதிவானதால் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இனி கத்தத் தேவையில்லை. சொல்லைக் கெடாமல் உச்சரிக்கவும் மூச்சை அடக்கி விடவும்தான் திறமை வேண்டும். என்னைக் கேட்டால் இது சுலபமான பாட்டு அல்ல, வேறு வகைப் பாட்டு.

1906-ல் பாரிசை ஒட்டிய ஊரில், இசையமைப்பாளர் வீட்டில் பிறந்த சப்லோன் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். 1930-களில் ஜாங்கோ ரெய்ன்ஹார்டின் கிட்டாரோடு அவர் பாடிய தட்டுகளைக் கேளுங்கள். கிட்டார் இயல்பிலேயே சன்னமான வாத்தியம்; குரலும் அதே அளவுக்கு இறங்கிவருகிறது. ஒன்றை ஒன்று அமுக்கவில்லை.

கேலி செய்தவர்கள் செய்துகொண்டே இருக்க, 1937-ல் அவர் தட்டுக்குப் பிரான்சின் பெரிய இசைத்தட்டு விருது கிடைத்தது. அப்புறம் அமெரிக்கா போனார். அங்கே வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு மெல்லிய குரல் புதிதாகத் தோன்றவில்லை.