பார்வை தெளிந்த பிறகும் கண் அழுத்தம் பார்க்க வேண்டும்: யுவியைடிஸும் ஸ்டீராய்டு இம்ப்ளான்ட்டும்

யுவியைடிஸ் என்னும் கண் அழற்சியில் பலருடைய பார்வையைக் குறைப்பது, விழித்திரையின் மையமான மாக்குலாவில் தேங்கும் நீர்தான். ரத்தக் குழாய்கள் கசிந்து அந்த இடம் ஊறிப்போகிறது. எழுத்து மங்கும், நேர்கோடு நெளியும். விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் இது கறுப்புக் குமிழிகளாகத் தெரியும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் ஒளியுணரும் செல்கள் சிதைந்துவிடும். பிறகு நீர் வற்றினாலும் பார்வை முழுதாகத் திரும்பாது.

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைச் சொட்டு மருந்தாக விட்டால் அவ்வளவு ஆழத்துக்குப் போதிய அளவில் போகாது. மாத்திரை போகும், ஆனால் சர்க்கரையையும் எலும்பையும் பதம் பார்க்கும். அதனால்தான் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே வைக்கிறோம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் இம்ப்ளான்ட் 0.7 மில்லிகிராம் மருந்துள்ள சிறு குச்சி. கண்ணை மரத்துப்போகச் செய்து, கிருமி நீக்கும் போவிடோன் அயோடின் விட்டு, கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி ஊசிவழி செலுத்துவோம். அது தானே கரைந்துவிடும். பலன் பொதுவாக 3 முதல் 6 மாதம். ஃப்ளூசினோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் 0.18 மி.கி. இம்ப்ளான்ட் கரையாது, 3 ஆண்டு வரை மருந்தைக் கசியவிடும். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்; அதனால் எடுத்தவுடன் அதற்குப் போகாமல், டெக்ஸாமெத்தசோனுக்கு அந்தக் கண்ணின் அழுத்தம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

காசநோய், சிபிலிஸ், ஹெர்பிஸ், டாக்சோபிளாஸ்மா இவற்றால் வந்த அழற்சியா என்று முதலில் பார்த்தாக வேண்டும். கிருமி இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு மட்டும் வைத்தால் அது கிருமிக்குத் தோதாகிவிடும். கண்புரை அறுவையில் லென்ஸின் பின்னுறை கிழிந்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். அந்த வழியாகக் குச்சி கண்ணின் முன்னறைக்கு நழுவி, கருவிழியை வீங்க வைக்கும். உடனே எடுக்காவிட்டால் கருவிழி நிரந்தரமாகக் கலங்கிப்போகலாம்.

பெஹ்செட், சார்காய்டோசிஸ் போன்ற உடல் முழுவதற்குமான நோய் இருந்தால், குச்சி கண்ணை மட்டுமே காக்கும். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஊசி போட்ட சில நாளில் வலி, சிவப்பு, பார்வைக் குறைவு கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே வர வேண்டும்; உள்ளே கிருமி புகுந்திருக்கலாம்.

ஸ்டீராய்டால் கண் அழுத்தம் ஏறுவது இப்படித் தெரியாது. வலிக்காது, சிவக்காது. பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். பார்வை நன்றாகத் தெளிந்து, "சரியாகிவிட்டதே" என்று பலர் வராமல் விடுவதும் அப்போதுதான். பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்தே போதும், சிலருக்கு அறுவை தேவைப்படும். கவனிக்காமல் விட்டால் கண் நரம்பு தேயும், போனது திரும்பாது. ஆகவே 6-வது வார அழுத்தப் பரிசோதனைக்குத் தேதி குறித்துக்கொண்டு போங்கள். நான்காவது மாத வாக்கில் ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். மீண்டும் மங்கினால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் ஓசிடி எடுத்துவிடுங்கள்.