பிளட் குரூப் ரிப்போட்டை வைத்துக் குடும்பம் பிரிக்காதீர்கள்

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். கையில் மூன்று ரிப்போட். அவர் ஏ, மனைவி பி, நாலு வயது மகள் ஓ. “மிஸ், இது எப்பிடி?” என்றார். கேள்விக்குப் பின்னால் இருந்தது எனக்கு விளங்கியது. மனைவி வெளியே வாங்கில் பிள்ளையை மடியில் வைத்தபடி இருந்தா. இந்த வருடம் இது ஐந்தாவது குடும்பம். எனக்கு அலுத்துவிட்டது.

ஓ என்பது ஏ, பி போல மூன்றாவதாக ஒரு பொருள் என்று நினைக்கிறார்கள். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களும் இப்படித்தான். “எங்கட வீட்டில ஒருத்தருக்கும் ஓ இல்லையே, பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?” எங்கிருந்தும் வரவில்லை ஐயா! ஓ என்றால் ஒன்று இல்லாமல் போனது.

செங்குழியத்தின் மேல் எச் என்றொரு வெல்லச் சங்கிலி, அதாவது சர்க்கரை மூலக்கூறுகளின் கோர்வை, இருக்கிறது. அதன் நுனியில் இன்னொரு வெல்லத்தைக் கொண்டுபோய் ஒட்டுவது ஒரு நொதியம். ஏ நொதியம் என்-அசற்றைல்கலக்டோசமீனை ஒட்டும், பி நொதியம் கலக்டோசை. இரண்டிலும் 354 அமினோ அமிலங்கள். 1990இல் யாமமோட்டோ குழுவினர் இவற்றின் பரம்பரையலகுகளை ஒப்பிட்டபோது, ஏயும் பியும் வேறுபட்டது நாலே நாலு இடத்தில்: 176, 235, 266, 268. வெல்லத்தைத் தெரிவது முக்கியமாகக் கடைசி இரண்டும்தான். பின்னாளில் இரண்டு நொதியங்களையும் பளிங்காக்கி வடிவத்தைப் பார்த்தார்கள், மடிந்திருக்கும் விதம் ஒன்றே. 266இல் ஏக்கு லியூசின் என்ற அமினோ அமிலம், பிக்கு மெதியோனின். மெதியோனின் வந்தால் வெல்லம் பொருந்தும் பொந்து நெருங்கி ஏ வெல்லத்தின் அசற்றைல் வாலுக்கு இடம் போதாது. இடியப்ப உரல் ஒன்று, அடித்தட்டு மட்டும் வேறு என்று வையுங்கள்.

பெரும்பாலான ஓ ஆட்களிலோ அதே பரம்பரையலகில் 261ஆவது டீஎன்ஏ எழுத்து விழுந்திருக்கும். மூன்று மூன்றாக வாசிக்கிற வரியில் ஒன்று விழுந்தால் அதற்குப் பின் எல்லாம் பிசகும். நொதியம் பாதியிலேயே நின்றுவிடும், எச் வெறுமனே நிற்கும். ஒவ்வொருவரிடமும் இந்தப் பரம்பரையலகில் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஏ குரூப்காரர் பழுதான பிரதி ஒன்றைக் காவிக்கொண்டு திரியலாம், அவருக்கே தெரியாது. நல்ல பிரதி ஒன்று வேலையைச் செய்துவிடும்.

ஏபி ஆளிடம் வழக்கமாக ஒரு பிரதி ஏ, மற்றது பி, கொடுக்க ஓ இல்லை. ஆனால் ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை என்றாலும் உடனே பாயவேண்டாம். முதலில் இருவரையும் திரும்பச் சோதியுங்கள். ஒரே நொதியம் இரண்டு வெல்லத்தையும் ஒட்டுகிற அபூர்வ வகையும் உண்டு, அவரிடம் மற்றப் பிரதி ஓவாக இருக்கலாம். கொரியாவிலும் ஜப்பானிலும் சற்றுக் கூடுதல். 1952இல் பம்பாயில் கண்டறிந்த வகையில் எச்சே இல்லை, அதனால் சாதாரண சோதனையில் ஓ மாதிரியே காட்டும்.

பிறந்த குழந்தையின் குரூப்பைக் கடைசி முடிவாக எடுக்காதீர்கள். அந்த வயதில் ஏயும் பியும் மெலிவாகத்தான் தெரியும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் உள்ளதை நம்பி இரத்தம் ஏற்றச் சொல்லாதீர்கள், ஆஸ்பத்திரியில் திரும்பப் பார்ப்பார்கள், பார்க்க விடுங்கள். குரூப் ரிப்போட்டை வட்சப் குடும்பக் குழுவில் போடாதீர்கள், தயவுசெய்து. மாமிமாரே, உங்களுக்கும் சேர்த்துத்தான். சந்தேகம் தீரவே இல்லையென்றால் டீஎன்ஏ சோதனை இருக்கிறது. அதற்கு முன் மனைவியோடு பேசுங்கள்.

அந்தத் தம்பிக்குக் கடதாசியில் நாலு கட்டம் கீறினேன். அவரிடம் ஏயும் ஓவும், மனைவியிடம் பியும் ஓவும் என்றால் பிள்ளை ஏபி, ஏ, பி, ஓ எதுவாகவும் வரலாம், ஒவ்வொன்றுக்கும் நாலில் ஒரு பங்கு. கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “மனிசியிட்ட நான் என்ன சொல்லுறது மிஸ்?” என்றார்.

அது ஆய்வுகூட வேலை இல்லை. இருந்தாலும், வெளியே போய் முதலில் பிள்ளையைத் தூக்குங்கள் என்றேன்.